கடைசி எண்ணை மாற்றிச் சொன்னேன்

ஜூன் 11, செவ்வாய்

நிக்சனுக்கு இன்று மதுரை ஆஸ்பத்திரியில் முதல் முறையாக மருந்து ஏற்றினார்கள். பத்தரைக்கு ஆரம்பித்து மூன்று மணி வரை ஆனது. முதல் அரை மணி நேரம் சொட்டு மிக மெதுவாக விழுந்தது. கால் மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து உடம்புச் சூடு பார்த்தார். மூன்றரை வயதுப் பிள்ளையை அத்தனை நேரம் படுக்கையில் வைத்திருப்பது லேசில்லை. அவன் அப்பா லிகோரி காகிதத்தில் கப்பல் செய்து கொடுத்துக்கொண்டே இருந்தார். பதினேழு கப்பல்.

டாக்டர் தாரணி ஒரு நோட்டுப் போட்டு காய்ச்சல், சளி, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தனி நோட்டு வாங்கிவிட்டேன். இது ரவிக்கை அளவு எழுத வைத்திருந்த நோட்டு. இதை யாருக்கும் காட்டப் போவதில்லை.

நோயின் பெயர் நீளமானது, வாயில் நுழையவில்லை. புரிந்தது இதுதான். நிக்சன் உடம்பில் கிருமியோடு சண்டை போடும் எதிர்ப்புச் சத்து உண்டாவதே இல்லை. பிறவியிலேயே அப்படி. டான்சில்கூட இல்லை, டாக்டர் டார்ச் அடித்து எனக்கும் காட்டினார், தொண்டை வழவழவென்று இருந்தது. ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து அந்தச் சத்தைப் பிரித்து, இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். ஆயுள் முழுக்க. ஏற்றிக்கொண்டே இருந்தால் பள்ளிக்கூடம் போகலாம், கடலில் குளிக்கலாம், தாடி வளர்க்கலாம் என்று சொல்லிச் சிரித்தார்.

இது அம்மாவிடமிருந்து மகனுக்கு வருவது. பெண்களுக்கு நோய் வராது, சுமப்பதோடு சரி. பிறக்கும் பையன்களில் பாதிக்குப் பாதி வாய்ப்பு. டாக்டர் ஒரு தாளில் எங்கள் குடும்பத்தைப் படம் போட்டார். என் மூத்தவன் ஆல்வினுக்கு ஒரு கட்டம் வரைந்து கறுப்பாக்கிக் குறுக்கே கோடு இழுத்தார். ஒன்றரை வயதில் கணைக்காய்ச்சல் கண்டு செத்துப்போன என் தம்பிக்கும் அப்படியே. அப்புறம் அக்காவுக்கு ஒரு வட்டம். அதற்குக் கீழே ஒரு கட்டம், வெள்ளையாக.

"உங்க அக்கா பையனுக்கு எத்தனை மாசம்?"

எட்டு என்றேன்.

"உடனே பாக்கணும். ஆறு மாசம் வரைக்கும் அம்மாகிட்ட இருந்து வந்த சத்து காப்பாத்தும். அதுக்கு மேலதான் ஆபத்து. அக்கா நம்பர் குடுங்க, நாங்களே பேசுறோம்."

கொடுத்தேன். கடைசி எண் ஏழு. ஒன்று என்று சொன்னேன். வாய் தவறவில்லை.


ஜூன் 12, புதன்

நிக்சனுக்குக் காய்ச்சல் இல்லை. மத்தியானம் வரை தலைவலி என்று படுத்திருந்தான். மூன்று ரவிக்கை வெட்டினேன்.


ஜூன் 15, சனி

ஆல்வினைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை.

2019 ஆகஸ்டில் அவனுக்குக் காய்ச்சல். பெனடிக்டா அக்கா அப்போது ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவள் வாங்கித் தந்த மருந்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் எனக்குப் பயம் வந்து, மதுரைக்குக் கொண்டுபோகப் பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன். அக்கா வந்து வாசலை மறித்து நின்றாள்.

"சளிக்கெல்லாம் மதுரைக்கு ஓடுவாங்களாட்டி? நீ நர்சா, நான் நர்சா?"

பையிலிருந்த துணியை அவளே எடுத்துக் கொடியில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழாம் நாள் ஆட்டோவில் போகும்போது என் மடியிலேயே போய்விட்டான். இரண்டு வயதும் பதினொரு நாளும்.

அடக்கம் முடிந்து வந்த அன்று, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது என் மாமியாரிடம் சொன்னாள்: "ரெண்டு நாள் முன்னால கொண்டுபோயிருந்தா பிழைச்சிருப்பான் அத்தை. இவளுக்குப் பிள்ள வளக்கத் தெரியல."

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எங்கள் தெருவில் யாரும் என் கையில் குழந்தையைக் கொடுக்கவில்லை.

அக்காவுக்கு அப்போது கல்யாணமாகி ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. ஆல்வின் பாதி நாள் அவள் இடுப்பில்தான் இருப்பான். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அவள் மண்ணில் உட்கார்ந்து அழுதாள், இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள் என்று லிகோரி சொல்வார். நான் பார்க்கவில்லை.


ஜூன் 28, வெள்ளி

அக்கா போன் செய்தாள். தையல்காரித் தங்கை என்பதால் என்னிடம் வேலைதான் சொல்வாள். ஜெரோமுக்கு நான்கு ஜிப்பா தைக்க வேண்டுமாம், மாதா திருவிழாவுக்கு. ஒன்பது வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை, அதனால் வெள்ளைப் பட்டுதான் வேண்டும். பேச்சோடு பேச்சாக, அவனுக்கு இடது காதில் சீழ் வடிகிறது என்றாள். பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

அளவு கேட்டு எழுதிக்கொண்டேன். மார்பு பதினேழரை. அவன் மாதத்துக்குக் குறைவுதான்.


ஜூலை 9, செவ்வாய்

இரண்டாவது முறை. நிக்சன் அழவில்லை. ஊசி குத்த இடது கையை அவனே நீட்டினான்.

அக்கா நம்பர் போகவில்லை என்று டாக்டர் சொன்னார். நானே நேரில் சொல்லிவிட்டேன், தூத்துக்குடியிலேயே ரத்தம் பார்த்துவிட்டார்கள், பிள்ளைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது. டாக்டருக்கு அவ்வளவு சந்தோஷம். தாளை எடுத்து அந்த வெள்ளைக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். ரிப்போர்ட் நகலை அடுத்த தடவை கொண்டுவரச் சொன்னார். சரி என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நிக்சன் என் தோளில் சாய்ந்து எட்டயபுரம் வரை தூங்கினான்.


ஜூலை 10, புதன்

ஜிப்பா நான்கும் முடிந்தது. நல்ல வேலை. பொத்தான் மட்டும் பாக்கி.


ஜூலை 26, வெள்ளி

மாதா கோவிலில் கொடியேற்றம். கூட்டத்தில் நிக்சனைக் கொண்டுபோகவில்லை. லிகோரி துறைமுகத்தில் வேலை முடித்துக் கோவிலுக்குப் போய்விட்டு வந்தார். சாப்பிடும்போது கேட்டார், அக்காவிடம் அந்தச் சோதனை விஷயம் சொன்னாயா என்று. சொல்லியாச்சு என்றேன். என்ன சொன்னாள் என்று கேட்டார். அவளுக்குத் தெரியாததா, பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள் என்றேன். மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. மீன் குழம்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

எங்கள் வீட்டு ஆட்களிடம் நிக்சனுக்கு ரத்தச்சோகை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளையின் உடம்பைப் பற்றி மற்றவர்களுக்கு எதற்கு என்று லிகோரியிடம் சொன்னேன். அதுதான் காரணம்.


ஆகஸ்ட் 5, திங்கள்

மாதா திருநாள். மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டில். அத்தான் பாஸ்கல் கப்பலில் இருக்கிறார், இன்னும் ஐந்து மாதம் கழித்துத்தான் வருவார். அதனால் நாங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று கூப்பிட்டிருந்தாள்.

போன இரண்டு மாதத்தில் நிக்சன் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறான். புதுச் சட்டை போட்டு, தலை வாரி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே அக்கா அவன் கையில் ஊசி குத்திய தழும்பைப் பார்த்தாள்.

"மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குப் போற பிள்ள. ஜெரோமுக்கு ஏற்கெனவே காதும் சளியுமா இருக்கு. இவன் வெளிய உக்காந்து சாப்பிடட்டும், என்ன?"

வராந்தாவில் ஸ்டூல் போட்டு, காகிதத் தட்டில் பிரியாணி வைத்தாள். உள்ளே எல்லாருக்கும் வாழை இலை. நிக்சன் என்னைப் பார்த்தான். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நானும் காகிதத் தட்டிலேயே சாப்பிட்டேன். லிகோரி எழுந்து போய்விடலாம் என்று கண்ணைக் காட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன்.

கிளம்பும்போது ஜெரோம் அழுதான். அக்கா அடுப்படியில் இருந்ததால் நான்தான் தூக்கினேன். இடது காதில் பஞ்சு, வலது காதிலும் பஞ்சு. நான் தைத்த ஜிப்பா தோளில் தொளதொளவென்று கிடந்தது. வாயைப் பெரிதாகத் திறந்து கத்தினான். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து தொண்டைக்குள் நன்றாகப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

அக்கா வந்து வாங்கிக்கொண்டாள். "ஒங்கிட்ட வந்தா மட்டும் இப்படிக் கத்துதான்" என்றாள்.

வாழைப்பழம் ஒரு சீப்பு கொடுத்துவிட்டாள். கொண்டுவந்தேன்.


ஆகஸ்ட் 6, செவ்வாய்

மூன்றாவது முறை. ரிப்போர்ட் நகலை மறந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னேன். போன தடவையே சரியாக இருந்ததென்றால் அவசரமில்லை என்றார். பக்கத்துப் படுக்கையில் ராஜபாளையத்திலிருந்து ஒரு பையன், பன்னிரண்டு வயது, இதே நோய். கிரிக்கெட் ஆடுகிறானாம். அவன் அம்மா எனக்குப் பாதி ஆப்பிள் கொடுத்தாள். தன் தங்கை பையனுக்கும் இதே நோய், பிறந்த மூன்றாம் மாதமே கண்டுபிடித்ததால் இதுவரை ஒரு காய்ச்சல்கூடக் கிடையாது என்றாள்.

ஆப்பிளை நிக்சனுக்குக் கொடுத்துவிட்டேன்.


ஆகஸ்ட் 19, திங்கள்

காலை பதினோரு மணிக்கு அக்கா போன். ஜெரோமுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். கிளினிக்கில் காதுச் சளி என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். பால் குடிக்கவில்லை, தூக்கினால் அழுகிறான். அவள் குரல் எப்போதும் போல இல்லை.

"ஜெசி, நீ போற ஆஸ்பத்திரி நல்லா இருக்குன்னியே. ஒருவேளை மதுரைக்குக் கொண்டுபோவோமா? என்ன சொல்லுத?"

ஐந்து வருஷமாக அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்கிறாள். மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன்.

"சளிக்கெல்லாம் மதுரைக்கு ஓடுவாங்களாக்கா?" என்றேன்.

அவளுக்கு நினைவு வந்ததா என்று தெரியவில்லை. பிறகு, "அதுவும் சரிதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒரு ரவிக்கைக்குக் கை வைத்து முடித்தேன். இரண்டு கையையும் வலது கையாக வைத்திருக்கிறேன். பிரித்துத் தைக்க வேண்டும்.


ஆகஸ்ட் 20, செவ்வாய்

போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். வரவில்லை. நான் செய்யவில்லை. சோறு இறங்கவில்லை, வெயில் அப்படி.


ஆகஸ்ட் 21, புதன்

ஜெரோமுக்கு வலிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். சேதி கேட்டு ஆட்டோவில் போனேன். அக்கா அவசரப் பிரிவு வாசலில் நின்றாள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. பிள்ளையின் துணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற எல்லாரிடமும், "நேத்துச் சிரிச்சான், நேத்துக்கூடச் சிரிச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். பார்த்தேன்.

உள்ளே போய் டியூட்டி டாக்டரின் கையைப் பிடித்துவிட்டேன். "இவன் உடம்புல எதிர்ப்புச் சத்தே கிடையாது. எங்க குடும்பத்துல இருக்கு. என் பையனுக்கு இருக்கு. மதுரை டாக்டருக்கு இப்பவே பேசுங்க" என்றேன். தாரணி டாக்டரின் நம்பரைப் பார்க்காமல் சொன்னேன். கடைசி எண் வரை சரியாக.

மதுரைக்குப் போகிற ஆம்புலன்ஸில் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "நீ இல்லன்னா எம் பிள்ள போயிருப்பான் ஜெசி" என்றாள். எட்டயபுரம் தாண்டும் வரை அதையே சொன்னாள்.


ஆகஸ்ட் 23, வெள்ளி

மூளைக்காய்ச்சல். ரத்தத்தில் எதிர்ப்புச் சத்து அநேகமாகப் பூஜ்யம். நிக்சனுக்கு ஏற்றுகிற அதே மருந்தை ஏற்றுகிறார்கள். அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று ஜெபமாலை சொல்கிறாள். எனக்கு இட்லி வாங்கி வந்து, நான் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்தாள்.


செப்டம்பர் 3, செவ்வாய்

ஜெரோம் கண் திறந்து நான்கு நாளாகிறது. உயிருக்குப் பயமில்லை என்றுவிட்டார்கள்.

இன்று நிக்சனின் முறை. மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது தாரணி டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்தக் குடும்பப் படம் மேஜையில் இருந்தது. வெள்ளைக் கட்டம், பக்கத்தில் டிக்.

"சோதனை பண்ணியாச்சு, சரியா இருக்குன்னு சொன்னீங்க ஜெசிந்தா."

நான் அந்த டிக்கையே பார்த்தேன்.

"நம்பரையும் இப்ப பாத்தேன். ஒரு எண்தான் வித்தியாசம்."

அவர் சத்தம் போடவில்லை. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்காமல் டிக் போட்டது தன் தப்பு என்றார். உங்கள் அக்காவிடம் நான் சொல்ல மாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவர் கேட்டால் மட்டும் பொய் சொல்ல மாட்டேன் என்றார். எழுந்து வரும்போது என் கால் மேஜையில் இடித்து ரத்தம் வந்தது. அவரே பஞ்சு வைத்து ஒட்டிவிட்டார்.


செப்டம்பர் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக் குழாயடியில் அக்கா பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். ஜூன் பதினொன்றிலிருந்தே எனக்குத் தெரியும் என்றேன். நம்பரை மாற்றிக் கொடுத்ததைச் சொன்னேன். டாக்டரிடம் பொய் சொன்னதை, திருநாளன்று ஜெரோம் வாய்க்குள் பார்த்ததை, போனில் சொன்ன வார்த்தையை ஏன் சொன்னேன் என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். ஆல்வினின் பையிலிருந்த துணியை நீ எடுத்துக் கொடியில் போட்டாயே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தேன்.

அவள் குழாயை மூடினாள். பாட்டிலை உதறினாள். மூடியைப் போட்டுத் திருகினாள்.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான். அந்தப் பழி எம்மேல விழுந்துருமோன்னுதான் ஓம்மேல போட்டேன். அதுவும் தப்புதான். ஆனா ஆல்வினுக்கு என்ன நோய்னு எனக்குத் தெரியாதுட்டி. தெரியாமச் செஞ்சேன். நீ தெரிஞ்சு செஞ்சிருக்க."

பாட்டிலை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டாள். மதுரைக்கு வந்ததிலிருந்து காலையில் எனக்கும் சேர்த்து இட்லி வாங்குவாள். இன்றைக்கு வாங்கியதை நான் அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.


செப்டம்பர் 9, திங்கள்

லிகோரியிடமும் சொன்னேன். அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பாதிப் பொத்தானோடு உட்கார்ந்துவிட்டார். ஆல்வின் கிடந்து துடித்ததை மறக்க முடியவில்லை என்று ஆரம்பித்தேன்.

"ஆல்வின் பேர இதுல இழுக்காத" என்றார். "அவன் பெரியம்மா இடுப்புல வளந்த பிள்ள."

வேலைக்குப் போய்விட்டார். சாப்பாட்டுத் தூக்கு இங்கேயே இருக்கிறது.


செப்டம்பர் 20, வெள்ளி

ஜெரோமுக்குக் காது சோதனை செய்தார்களாம். இரண்டு காதும் கேட்காது. மூளைக்காய்ச்சலில் நரம்பு போய்விட்டது. பின்னால் ஆபரேஷன் செய்து கருவி வைக்கலாம், கூடிய சீக்கிரம் வைத்தால் பேச்சு வரும் என்றார்களாம். லிகோரி போனில் கேட்டுச் சொன்னார். என்னிடம் சொல்லும்போது நிக்சனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இரண்டு நாள் முன்னால் போயிருந்தால் கேட்டிருக்குமா என்று யாரிடமும் கேட்கவில்லை. கணக்குப் போட எனக்குத் தெரியும்.

இன்று தைக்கவில்லை.


அக்டோபர் 1, செவ்வாய்

இந்த மருந்து ஏற்றுவது செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். அதனால் அக்காவுக்கும் வேறு நாள் கிடைக்கவில்லை. நிக்சனுக்கு நான்காம் படுக்கை, ஜெரோமுக்கு ஐந்து. நடுவில் ஒரு திரை, அதை அவள் வந்ததும் இழுத்துவிட்டாள்.

ஜெரோமுக்கு அடுத்த வாரம் ஒரு வயது. திரைக்கு அடியில் அவன் கால் மட்டும் தெரிந்தது. ஊசி குத்தும்போது அழுதான். அக்கா பாட்டுப் பாட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். அப்புறம் உள்ளங்காலைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

பதினோரு மணிக்குத் திரை விலகியது. அவளே விலக்கினாள். என்னைப் பார்க்கவில்லை, நிக்சனின் மருந்து பாட்டிலைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்?"

சொன்னேன். மருந்து ஏற்றிய அன்று வருகிற சூட்டுக்கும் கிருமியால் வருகிற காய்ச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். முந்தின நாளே நிறையத் தண்ணீர் கொடுத்தால் தலைவலி குறையும், சொட்டை வேகமாக வைத்தால் உடம்பு நடுங்கும், நர்ஸ் மறந்தாலும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். கூட்டமான இடம், கொதிக்காத தண்ணீர், காதில் எண்ணெய், எதெல்லாம் ஆகாது என்று சொன்னேன். எந்தத் தடுப்பு மருந்தையும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது என்று சொன்னேன். காய்ச்சல் நூறைத் தாண்டினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் இங்கே கிளம்பிவிட வேண்டும் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது எல்லாம் அவ்வளவுதான். ஒரு காகிதப் பையின் பின்பக்கத்தில் அவள் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தாள்.

எழுதி முடித்து முதலிலிருந்து ஒருமுறை படித்தாள்.

"இவ்வளவுதானா? எதையும் விட்டுறலயே?"

இல்லக்கா, எல்லாம் சொல்லிட்டேன் என்றேன்.

அவள் எழுந்து போய், வாசலில் நின்ற நர்ஸைக் கூப்பிட்டு, காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முதலிலிருந்து கேட்டாள்.